மைசூர் யானைக்காசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, கோவை, சேலம் பக்கத்தில் பழைய வீடுகளின் பெட்டியைத் திறந்தால், மற்ற சில்லறைகளோடு யானை போட்ட தடித்த செப்புக்காசு ஒன்று அகப்படுவது உண்டு. அப்படி அகப்பட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகளையும் இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பேச்சு முழுக்க மைசூர் பற்றியது. அதிலும் சுத்தியலால் கையால் அடித்த செப்புக்காசுகள் பற்றியது.

யானை இருக்கிறது. அப்படியானால் இது திப்பு சுல்தான் காசுதானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைக்காரர்கள் யானையைப் பார்த்ததும் "திப்பு காசு" என்று சொல்லிவிடுவார்கள். மைசூரில் யானை திப்புவுக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. ஆகவே யானையை விட்டுவிட்டுக் காசைத் திருப்பிப் பாருங்கள்.

மறுபக்கத்தில் பாரசீக எழுத்து மட்டும் இருந்து, யானைக்கு மேலே சூரியனும் பிறையும் இல்லை என்றால் அது பெரும்பாலும் திப்புவின் காசு. ஹைதர் அலியும் தன் கடைசி ஆண்டுகளில் யானை போட்டுக் காசு அடித்தார், ஆனால் அவை அரிது. மறுபக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கட்டம் கட்டமாக இருந்தால் அது மைசூர் அரச குலமான உடையார்கள் காலத்துச் சிறுகாசு. அதே கட்டக்கோட்டு வரிசையில், யானைக்குப் பதிலாகக் கன்னட எண் பொறித்த காசுகளும் உண்டு. கன்னடம், ஆங்கிலம், பாரசீகம் என்று மூன்று எழுத்துகளும் ஒரே காசில் கலந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், அது மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காசு. யானைக்கு மேலே சூரியன், பிறை தெரிந்தாலும் உடையார் பக்கம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மைசூர் எப்போது சமஸ்தானம் ஆனது?

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தார். அடுத்த மாதக் கடைசியில் ஐந்து வயதுகூட நிறையாத கிருஷ்ணராஜ உடையாரை ஆங்கிலேயர் அரியணையில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து மைசூர் ஆங்கிலேயருக்கு உட்பட்ட சமஸ்தானம். திப்புவிடம் அதிகாரியாக இருந்த பூர்ணையாவே திவானாகி, சிறுவன் வளரும் வரை ஆட்சியை நடத்தினார். காசு விஷயத்தில் இது முக்கியம். நிர்வாகத்தில் பழைய ஆட்களே தொடர்ந்ததுபோல, காசு அடிக்கும் முறையும் யானையும் தொடர்ந்தன. அதனால்தான் 1799-க்கு முன்பும் பின்பும் வந்த காசுகளைக் கையில் எடுத்தால் ஒரே குடும்பம் என்று தோன்றுகிறது. அரசு மாறியதைக் காசின் எழுத்துதான் சொல்லும், செம்பு சொல்லாது.

கையால் அடிப்பது என்றால் எப்படி?

செம்பை உருக்கி வார்த்து, கம்பியாகவோ பட்டையாகவோ ஆக்கி, எடைக்குத் தகுந்தபடி துண்டு போடுவார்கள். துண்டைத் தட்டி வில்லையாக்குவார்கள். தட்டத் தட்டச் செம்பு இறுகிவிடும், மேலும் தட்டினால் ஓரம் வெடிக்கும். அதனால் இடையிடையே நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். பழைய காசுகளின் விளிம்பில் சிறு வெடிப்புகள் இருந்தால், இளக்கியது போதவில்லை என்று அர்த்தம். அதை உடைசல் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம் அச்சு. கீழ் அச்சு அசையாமல் பதித்து வைக்கப்பட்டிருக்கும். வில்லையை அதன் மேல் வைத்து, மேல் அச்சை ஒருவர் கையில் பிடிக்க, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். மேல் அச்சு கையில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் விழும். எனவே முன்புறத்து யானை நேராக நிற்கும்படி பிடித்துக் காசைத் திருப்பினால் மறுபக்க எழுத்து சாய்ந்தோ தலைகீழாகவோ இருக்கும். இயந்திரக் காசில் இப்படி வந்தால் பிழை என்று விலை ஏறும். இங்கே அதுதான் இயல்பு.

சில நேரம் முதல் அடி சரியாக விழாமல் மறு அடி போட்டிருப்பார்கள். அப்போது யானைக்கு இரண்டு தும்பிக்கை, ஆறு கால் என்று வரும். இன்னும் சுவையான பிழை ஒன்று உண்டு. அடித்த காசு மேல் அச்சில் ஒட்டிக்கொண்டு, அதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்துவிட்டால், அந்த இரண்டாவது காசின் ஒரு பக்கம் சரியாகவும், மறுபக்கம் அதே உருவம் குழிவாக, இடம் வலம் மாறியும் பதியும். அது கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

என் காசில் பாதி எழுத்துதான் இருக்கிறது. தேய்ந்துவிட்டதா?

பெரும்பாலும் தேய்மானம் காரணமில்லை. அச்சு பெரிது, வில்லை சிறிது. அச்சில் முழு வாசகமும் வெட்டப்பட்டிருக்கும். வில்லை எந்த இடத்தில் உட்கார்ந்ததோ அந்தப் பகுதி மட்டும்தான் காசில் ஏறும். ஒரு காசில் யானையின் தலை இருக்கும், வால் இருக்காது. அடுத்ததில் வால் இருக்கும், மேலே உள்ள எழுத்து வெளியே போயிருக்கும்.

கையடிக் காசுகளைச் சேகரிப்பதன் முழு ருசியும் எனக்கு இதில்தான் இருக்கிறது. ஒரே அச்சில் அடித்த மூன்று நான்கு காசுகளைச் சேர்த்து வைத்தால், ஒன்றில் விடுபட்டதை இன்னொன்று நிரப்பும். அப்படி நிரப்பி நிரப்பி, அச்சு வெட்டியவன் வெட்டிய முழு உருவத்தையும் மீட்டுவிடலாம். அவன் யானையின் கண்ணை எப்படிச் செதுக்கினான், எழுத்தை எந்த இடத்தில் நெருக்கினான் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இரண்டு காசுகள் ஒரே அச்சா என்று பார்க்க யானையை ஒட்டுமொத்தமாகப் பார்க்கக் கூடாது. தந்தத்துக்கும் தும்பிக்கைக்கும் இடையே உள்ள இடைவெளி, வால் நுனி, அச்சில் விழுந்த விரிசலால் காசில் எழும் மெல்லிய கோடு, இப்படிச் சின்ன இடங்களை ஒப்பிட வேண்டும். விரிசல் கோடு பெரிதாகிக்கொண்டே போனால் எந்தக் காசு முதலில் அடிக்கப்பட்டது, எது பின்னால் என்றுகூட வரிசைப்படுத்தலாம்.

அதனால் "முழுசாக இருக்கிற காசு ஒன்று போதும்" என்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. அரைகுறையாகத் தெரியும் பத்துக் காசுகள், அழகான ஒரே காசைவிட அதிகம் சொல்லும்.

திப்பு காசில் ஆண்டு படிக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

முடியும், ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் போதும். தொடக்க ஆண்டுகளில் திப்பு ஹிஜ்ரி ஆண்டைப் போட்டார், 1197 முதல். அதை நாம் எண் படிப்பது போலவே இடமிருந்து வலமாகப் படிக்கலாம். பிறகு மவ்லூதி என்ற புதிய ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அது காசுகளில் 1215 முதல் வருகிறது. அதோடு எண்களை வலமிருந்து இடமாக எழுதவும் வைத்தார். எனவே 4221 என்பது போலத் தெரிந்தால் அது மவ்லூதி 1224. மவ்லூதி ஆண்டோடு 572 கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறக்குறையச் சரியாக வரும்: 1215 என்றால் 1787, 1224 என்றால் 1796. மவ்லூதி 1221-ஐ மட்டும் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான்.

எந்த ஊரில் அடித்தது என்று தெரியுமா? தமிழ்நாட்டில் அடித்தார்களா?

திப்பு காசில் அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் கூடம், இருந்த ஊரின் பெயர் பாரசீகத்தில் இருக்கும். அதிகம் கிடைப்பவை 'பட்டன்', 'நகர்' இரண்டும். பட்டன் என்பது தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம். நகர் என்பது மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து பெத்னூர். திப்பு பல ஊர்களுக்குப் புதுப் பெயர் வைத்ததால் மற்றவற்றைக் கண்டுபிடிக்கச் சற்று உழைக்க வேண்டும். சித்ரதுர்கா பர்ருக்யாப் ஹிஸார், கூட்டி பைஸ் ஹிஸார், குர்ரம்கொண்டா ஸபராபாத். கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் அவர் கட்டிய பர்ருக்கியில் அடித்த காசுகளும் உண்டு. இன்றைய பெரோக் அதுதான்.

தமிழ்ப் பகுதிக்கு வருவோம். சலாமாபாத் என்று பொறித்த காசுகள் சத்தியமங்கலத்தில் அடித்தவை என்று அடையாளம் காணப்படுகின்றன. காலிக்காபாத் விஷயத்தில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. திண்டுக்கல் என்று ஒரு சாரார் சொல்ல, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகேயுள்ள சந்தகால் என்று மற்றவர் சொல்கிறார்கள். விற்பவர் "இது திண்டுக்கல் காசு" என்று அடித்துச் சொன்னாலும், இந்தக் கருத்து வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேலம், பாரமகால், திண்டுக்கல் பகுதிகள் 1792 உடன்படிக்கையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. கோயமுத்தூர் 1799-இல் போனது. அதுவரை மைசூர் ஆட்சியில் இருந்த ஊர்கள் இவை. கொங்கு வீடுகளில் யானைக்காசு இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

செப்புக்காசுகளுக்குத் தனிப் பெயர் இருந்ததாமே?

ஆமாம். திப்பு தங்கம், வெள்ளி, செம்பு மூன்றுக்கும் பெயர் வைத்தார். செம்புக்கு வந்தவை பெரும்பாலும் வானத்துப் பெயர்கள். ஒரு பைசா ஜொஹ்ரா, அதாவது சுக்கிரன். அரைப் பைசா பஹ்ராம், செவ்வாய். கால் பைசா அக்தர், விண்மீன். அரைக்கால் குத்ப், துருவ நட்சத்திரம். இரட்டைப் பைசா முதலில் உத்மானி என்றும் பிறகு முஷ்தரி, அதாவது வியாழன் என்றும் அழைக்கப்பட்டது. பல காசுகளில் இந்தப் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும், படித்துப் பழகலாம். பைசா சுமார் 11 கிராம் இருக்கும். அதைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் மற்றவற்றின் எடை வந்துவிடும். இரட்டைப் பைசா 22 கிராமுக்கு மேல்.

கிருஷ்ணராஜ உடையார் காசில் ஆங்கிலம் எப்படி வந்தது?

அக்கம்பக்கத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் புரியும். சென்னையில் கம்பெனி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு வைத்திருந்தது. அதற்கான இருபது காசு, பத்துக் காசு நாணயங்களை இங்கிலாந்தின் பர்மிங்காமில், சோஹோ ஆலையில், நீராவி இயந்திரத்தால் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1803, 1808 என்று ஆண்டு போட்ட காசுகள் அவை. அந்த 1808 காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கிப்போனது. பின்னாளில் அதிலிருந்து எடுத்த காசுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன.

மைசூர் அரசும் இருபது, பத்து, ஐந்து காசுகளை அடித்தது. ரோமன் எண்ணில் மதிப்பு, ஆங்கிலத்தில் 'கேஷ்', கன்னடத்தில் 'மயிலி காசு', அதோடு பாரசீகத்தில் மைசூரில் அடித்தது என்ற வாசகம். முன்புறம் யானை, அதன் மேலே சூரியன், பிறை, நடுவே கன்னடத்தில் 'ஸ்ரீ'. உடையார்களின் குலதெய்வமான சாமுண்டியின் பெயர் வரும் வகைகளும் உண்டு. இருபது காசின் எடை சுமார் 9 கிராம், கம்பெனிக் காசுக்குப் பக்கத்தில் வருகிறது.

கம்பெனிக் காசையும் மைசூர்க் காசையும் ஒருமுறையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கச்சிதமான வட்டம், ஓரம் கூர்மை, எல்லாக் காசும் ஒன்றுபோல. மற்றது தடிப்பாக, சற்றுக் கோணலாக, ஆங்கில எழுத்து சில நேரம் இடம் வலம் மாறிக்கூட வெட்டப்பட்டிருக்கும். அச்சு வெட்டியவருக்கு அந்த எழுத்து ஒரு உருவம்தான், அவர் அதைப் பார்த்து வரைந்திருக்கிறார். அதே கையில் கன்னட எழுத்து எவ்வளவு லாகவமாக விழுந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். அந்தக் கைக்காகவே நான் மைசூர்க் காசை முதலில் எடுப்பேன்.

யானைக்குப் பதில் சிங்கம் இருக்கிறதே?

அது பிந்தைய வகை. 1831-இல், நகர்ப் பகுதிக் கிளர்ச்சியைக் காரணம் காட்டி ஆங்கிலேயர் நிர்வாகத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அரசர் பெயருக்கு அரசராக இருந்தார். 1833-இல் அக்கசாலை பெங்களூருக்கு மாற்றப்பட்டது. சிங்கம் நிற்கும் காசுகள் அந்தக் காலத்தைச் சேர்ந்தவை. ஆட்சி ஆங்கிலேய கமிஷனர்கள் கையில் இருந்தபோதும் காசில் கிருஷ்ணராஜரின் பெயர் நீடித்தது.

எப்போது அடிப்பதை நிறுத்தினார்கள்?

1843-இல் பெங்களூர் அக்கசாலையை மூடினார்கள். 1835-இல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுக்க ஒரே மாதிரி ரூபாயையும் கால் அணாவையும் கொண்டுவந்துவிட்டது. கமிஷனர் ஆட்சியில் இருந்த மைசூருக்குத் தனிக்காசு தேவையில்லை என்றாகிவிட்டது. 1881-இல் அரச குடும்பத்திடம் ஆட்சி திரும்பியபோதும் காசு அடிப்பது திரும்பவில்லை.

புதுக்கோட்டை அம்மன் காசும் இப்படித்தான் அடிக்கப்பட்டதா?

பழைய அம்மன் காசுகள் கையால் அடித்தவை. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. பிறகு இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்து வரவழைத்தார்கள். வட்டமாக, சீராக இருப்பவை அந்த இயந்திரக் காசுகள். இன்று அதிகம் கிடைப்பவையும் அவைதான்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலிஷ், கம்பி நார் எதுவும் வேண்டாம். செம்பின் மேல் படிந்த பழுப்பு, கறுப்பு, கரும்பச்சைப் படலம் காசைக் காக்கிற தோல். அமிலம் அதை உரித்துவிடும். கூடவே அச்சின் மெல்லிய கோடுகளும் போய்விடும். முன்பு சொன்னேனே, ஒரே அச்சா என்று ஒப்பிட உதவும் அந்தச் சின்ன அடையாளங்கள், அவைதான் முதலில் அழியும். பளபளக்கும் யானைக்காசு கண்ணுக்கு அழகாக இருக்கலாம், அதில் படிக்க எதுவும் மிச்சமிருக்காது.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி, மூங்கில் குச்சியால் மெதுவாக எடுங்கள். முழுக்க உலர்ந்த பிறகே உறையில் போடுங்கள். காகித உறை நல்லது. பிவிசி பிளாஸ்டிக் உறை செம்பைக் கெடுத்துப் பச்சைப் பிசுக்கு உண்டாக்கும்.

ஒரு எச்சரிக்கை: வெளிர் பச்சை நிறத்தில் மாவு போல உதிரும் பொடி தெரிந்தால் அது சாதாரணக் களிம்பு கிடையாது. குளோரைடு உப்பால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும் நோய் அது, ஈரம் பட்டால் வேகம் எடுக்கும். அந்தக் காசை உடனே தனியாக எடுத்து, ஈரமில்லாத இடத்தில் வைத்து, அருங்காட்சியகத்தில் உலோகப் பாதுகாப்புத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எடை. சமையலறைத் தராசு போதாது, கிராமின் பத்தில் ஒரு பங்காவது காட்டும் சிறு தராசு வாங்குங்கள். பிறகு காந்தம். செம்பு காந்தத்தில் ஒட்டாது, ஒட்டினால் பேச்சே இல்லை.

அப்புறம் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அச்சில் வார்த்த போலியில் இரண்டு பாதியும் சேர்ந்த தையல் கோடு இருக்கலாம், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். உருப்பெருக்கியில் பரப்பு முழுக்க ஊசிமுனைக் குழிகள், எழுத்தின் ஓரங்கள் வழவழவென்று உருண்டு போயிருத்தல் ஆகியவையும் வார்ப்பின் அடையாளம். அடித்த காசில் உலோகம் அடியின் வேகத்தில் வெளிப்பக்கமாக ஓடிய தடம் எழுத்தைச் சுற்றித் தெரியும். இரண்டு காசுகள் ஒரே அச்சு என்பதோடு நிற்காமல், வில்லையின் வடிவம், விளிம்பு வெடிப்பு, கீறல் எல்லாம் ஒன்றாக இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி. கையால் தட்டிய வில்லை இரண்டு தடவை ஒரே மாதிரி வராது.

பெரிய தட்டு அளவில், மஞ்சள் நிறத்தில், ராமர் பட்டாபிஷேகமும் கம்பெனி பெயரும் சேர்ந்து வருகிறவை நாணயமே கிடையாது. அவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

விலை எவ்வளவு போகும்?

பட்டன், நகர் பைசாக்களும் உடையாரின் இருபது காசும் எளிதில் கிடைப்பவை. லட்சம் கோடி என்று பரவும் காணொளிகளை நம்ப வேண்டாம். ஆண்டும் ஊரும் தெளிவாகத் தெரிவது, அரிய அக்கசாலை, இரட்டைப் பைசா, இவற்றுக்கு மட்டும் விலை ஏறும்.

வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியா?

வாங்கியதோ வழிவழியாக வந்ததோ வைத்திருக்கலாம். ஆனால் நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தது வேறு விஷயம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாகத் தொடங்கலாம். நூறு ஆண்டு கடந்த காசுகள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வருவதால் தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இணையத்தில் விற்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, வாங்குகிற நீங்களாவது கவனியுங்கள்.

பானையோடு கிடைத்தால் பங்கு போடாமல் அப்படியே ஒப்படையுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். எந்தக் காசு எதோடு சேர்ந்து புழங்கியது என்பதை அந்தப் பானை மட்டுமே காட்டும். பிரித்து விற்ற மறுநாள் அந்தச் செய்தி போய்விடும், பிறகு யாராலும் மீட்க முடியாது.

என்னிடம் உள்ள காசுகளை எப்படிப் பதிந்து வைப்பது?

ஒவ்வொரு காசுக்கும் ஒரு உறை, உறை மேல் ஒரு எண். நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக எடை, குறுக்களவு, யானை எந்தப் பக்கம் பார்க்கிறது, வால் தூக்கியிருக்கிறதா தொங்குகிறதா, தெரிகிற எழுத்து, தெரிகிற ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். ஊகித்ததைத் தனியாகக் குறியுங்கள், தெரிந்ததோடு கலக்க வேண்டாம். காசு வந்த ஊரையும் வந்த வழியையும் மறக்காமல் எழுதுங்கள். பாட்டி பெட்டியில் இருந்தது என்றால் பாட்டியின் பிறந்த ஊர் எது என்பதுவரை கேட்டு எழுதுங்கள். படம் எடுக்கும்போது வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும், மேலிருந்து விழுந்தால் எழுத்து எழும்பாது. இரண்டு பக்கமும் எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வையுங்கள்.

இவ்வளவு செய்தால், உங்கள் காசும் எங்கோ இருக்கும் வேறொருவர் காசும் ஒரே அச்சு என்று ஒருநாள் யாராவது சொல்ல வழி இருக்கும்.